அமிலத் தொட்டிக்கு ஐஸ்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உட்காரத் தெரியாது என்பது தெரிந்தது. ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பாதி ஆயுள் நாற்காலியில்தான் போயிற்று. ஆனால் அது வேலை. செம்பூர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்கும். எழுந்து பால்கனிக்குப் போவேன். துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பேன். ஃப்ரிட்ஜைத் திறப்பேன், எதற்குத் திறந்தோம் என்று யோசிப்பேன், மூடுவேன். வாசல் மணி அடித்தால் கூரியர் பையனிடம் அவன் ஊர் எது என்று கேட்டு நிறுத்தி வைப்பேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்ற புதிது. திடீர் திடீரென்று கழுத்திலிருந்து காது வரைக்கும் சூடு ஏறும். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றாலும் வேர்த்துக் கொட்டும். டாக்டர், "எல்லாருக்கும் வரதுதான் மேடம், யோகா பண்ணுங்கோ" என்றாள். யோகா வகுப்பில் கடைசியாகக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்வார்கள். எல்லோரும் படுத்துக் கண்ணை மூடினார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கணவர் எனக்கு நேர் எதிர். பக்கத்திலேயே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சாயங்காலம் வந்து செய்தித்தாளில் சுடோகு போட உட்கார்ந்தால் வீடு இடிந்தாலும் நிமிர மாட்டார். மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். அவளுக்கு நான் ஒரே நாளில் பலமுறை போன் செய்வதைப் பார்த்து ஒருநாள் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவ வேலை பார்க்கட்டுமே. நீயும் எதையாவது கத்துக்கோயேன்."

"என்னத்தை?"

"தையல், பாட்டு, ஏதோ ஒண்ணு. கைக்கு வேலை இருந்தா மனசு நிக்கும்னு சொல்றா."

அப்படித்தான் மாதுங்காவில் குரோஷா வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மாமியின் வீட்டு முன்னறையில் நடக்கும் வகுப்பு அது. எங்கள் கையில் ஆளுக்கொரு கட்டு கொக்கி ஊசி கொடுத்தார்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு நிறம்: ஊதா, சிவப்பு, மயில் பச்சை, பொன். எடையே இல்லை. மற்ற பெண்கள் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது நான் ஊதா ஊசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நிறம் போகவில்லை. பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சுரண்டினேன். அப்போதும் போகவில்லை.

"மாமி, இந்தப் பெயின்ட் ஏன் உரியவே மாட்டேங்கறது?"

"அது பெயின்ட் இல்லை. அலுமினியத்துக்கே அந்தக் கலர்."

"அலுமினியத்துக்கு எப்படி ஊதாக் கலர் வரும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியலைம்மா. நீங்க நூலைப் பாருங்கோ, மூணு கண்ணி விட்டுட்டேள்."

திரும்பி வரும் பஸ்ஸில் போனில் தேடித் தேடிப் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். விஷயம் இதுதான். அலுமினியப் பொருளை நீர்த்த கந்தக அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெட்டியான தோல் வளர்கிறது. மேலே பூசுவதில்லை, அந்த உலோகமே தன்னிலிருந்து அதை வளர்த்துக்கொள்கிறது. அந்தத் தோல் முழுக்க நுண்ணிய துளைகள். சாயத்தில் முக்கினால் சாயம் துளைக்குள் இறங்கிவிடும். அப்புறம் கொதிநீரில் போட்டு வைத்தால் துளைகள் வாயை மூடிக்கொள்ளும், சாயம் உள்ளேயே தங்கிவிடும். துருவும் அண்டாது, கீறலும் சுலபத்தில் விழாது. அனோடைசிங் என்று பெயர்.

குரோஷா வகுப்புக்கு நான் மறுபடி போகவில்லை.

எங்கள் பின்பக்கப் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் உண்டு. அங்கே பிளாஸ்டிக் வாளி வைத்தேன். கார் பேட்டரிக் கடையில் அமிலம் கேட்டபோது கடைக்காரர் ஹிந்தியில், "இன்வர்ட்டருக்கா ஆன்ட்டி?" என்றார். ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தேன். பழைய பேட்டரி சார்ஜர் லாஃப்டில் கிடந்தது. துணிக்குப் போடுகிற சாயப் பொடி ஒரு தமிழர் கடையில் கிடைத்தது. முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்கு என் மகள் கல்லூரி ஆய்வகத்தில் போட்டுக்கொண்ட கண்ணாடி. முதலில் ஒரு அலுமினியச் சோப்புப் பெட்டியின் மூடி. அமிலத்தில் அது சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. கால் மரத்துப் போயிருந்தது.

மூடி ரோஜா நிறத்தில் வந்தது. ஓரத்தில் கொஞ்சம் திட்டு. அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன்.

கணவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நன்னாத்தான் இருக்கு. சோப்பு எங்கே?"

அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஒன்றும் தப்பவில்லை. திரைச்சீலை வளையம், டீ வடிகட்டியின் பிடி, பழைய டார்ச்சின் உடம்பு. வீட்டில் வெள்ளையாக எது பளபளத்தாலும் அது அலுமினியமா, எவர்சில்வரா என்று கையில் தூக்கி எடை பார்த்தேன். அந்த வேகத்தில்தான் இட்லித் தட்டுக்குப் பச்சை ஏற்றினேன். பார்க்க அவ்வளவு அழகு, வாழைக்குருத்து மாதிரி. அதைக் கொதிநீரில் இன்னும் ரொம்ப நேரம் வைத்திருக்க வேண்டும். என்னால் காத்திருக்க முடியவில்லை. மறுநாள் காலை இட்லியைத் தட்டிலிருந்து எடுத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைத் தொப்பை.

கணவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "இதைச் சாப்பிட்டா எனக்கு ஏதாவது ஆகுமா?"

"தெரியலை."

"அப்போ வேண்டாம்" என்றார், சுடோகுவில் தப்பான எண்ணை அடிக்கிற மாதிரி அதே நிதானத்தில். ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அன்றோடு சமையல் சாமானில் கை வைப்பதை நிறுத்தினேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கிற பெண்ணும் நானும் பல வருடம் லோக்கல் ரயிலில் ஒரே லேடீஸ் பெட்டியில் ஒன்றாக வேலைக்குப் போனவர்கள். அவள் ஒருநாள் காலையில் படுக்கை விரிப்பு ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலே வந்தாள். சமையலறை மேடையில் விரித்தாள். ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள். பக்கத்தில் இன்னொரு ஓட்டை. அப்புறம் வரிசையாக.

"இது பூச்சி அரிச்சதில்லை."

"இல்லை" என்றேன். "என் ஆசிட்தான். தெறிச்சிருக்கும். நான் புதுசு வாங்கித் தரேன்."

"அதுக்கில்லைடி. நேத்திக்குக் கொடியில என் பேரக் குழந்தையோட சட்டை காஞ்சிண்டிருந்தது. உனக்கு என்னடி ஆச்சு? டாக்டர்கிட்டப் போனியா?"

போனேன், யோகா பண்ணச் சொன்னாள் என்று சொல்லவில்லை. சாயங்காலமே கட்டிடச் சங்கத்துச் செயலாளர் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆன்ட்டி, பில்டிங்கில் இது சலேகா நஹி" என்றார், இங்கே இதெல்லாம் கூடாது என்று. நானே அமிலத்தில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். வாளி நிறைய நுரை பொங்கி வந்து அடங்கிற்று. புது விரிப்பு வாங்கிக் கொடுத்தேன், அவளும் வாங்கிக்கொண்டாள். பால்கனியில் மறுபடி ஒரு ஆள் நிற்க இடம் காலியாகிவிட்டது. நான் அதில் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி போய் நின்றேன்.

சாயப் பொடி விற்றவர்தான் வழி சொன்னார். "தாராவியில ஒரு தமிழ் அக்கா அனோடைசிங் போடறாங்க. அங்க குடுத்துப் போட்டுக்கங்களேன், வீட்டுல எதுக்கு?" பன்னிரண்டு திரைச்சீலை வளையங்களைத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டு சயானில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தேன். தொண்ணூறடி ரோட்டிலிருந்து சந்துக்குள் சந்தாகப் போனால், தையல் மெஷின் சத்தத்துக்கும் தோல் வாடைக்கும் நடுவில் மூக்கை அறுக்கிற அந்த வாசனை வந்தது. எனக்குப் பழக்கமான வாசனை. நடையை எட்டிப் போட்டேன்.

நீளமான அறை. சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். நைட்டிக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையும், கையில் ஆரஞ்சு ரப்பர் உறையும், காலில் கம்பூட்ஸுமாக ஒருத்தி நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம். பட்டறையை ஆரம்பித்தவர் அவள் கணவரின் அண்ணன். அவருக்கு மூச்சிரைப்பு வந்து ஊரோடு போய்விட்ட பிறகு இவள் கையில் விழுந்திருக்கிறது. கணவர் டெம்போ ஓட்டிச் சரக்கைக் கொண்டுவருவார், கொண்டுபோய்க் கொடுப்பார். தொட்டி இவளுடையது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"இதுக்கா மேடம் இம்புட்டுத் தூரம் வந்தீய? பன்னெண்டு வளையத்துக்குத் தொட்டிய ஓட்டுனா எனக்குக் கட்டுமா?"

"வேற சரக்கோட சேர்த்துப் போடலாமே."

"சேட்டு குடுத்த மாலு பூரா கருப்பு. ஒங்களுக்கு என்ன கலரு?"

"ஊதா."

"பொறவு எப்பிடிச் சேக்க?"

"ஆசிட்ல ஒண்ணாப் போட்டுட்டு, சாயத்துல மட்டும் தனியா முக்கி எடுத்தா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தப் பட்டறையில இருந்தீய?"

"இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல."

சிரித்துவிட்டாள். வளையங்களை வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் வரச் சொன்னாள். மறுநாள் போனேன், தயாராகவில்லை. அதற்கடுத்த நாளும் போனேன். தயாரான பிறகும் போனேன். ஏதாவது ஒரு சாக்கு. வாசல் பக்கமாக நின்று, சரக்கு மாட்டிய சட்டங்கள் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு எரிச்சல்.

"இதுல என்னத்தப் பாக்குதீய மேடம்? எனக்கு இந்த வாட கண்டாலே குமட்டுது. நல்ல வெல வந்தா வித்துப்போட்டுத் தையல் கட வைக்கப் போறேன்."

"ஐயோ, விக்காதே."

"ஏன், நீங்க வாங்கப் போறியளா?"

ஒருநாள் சரக்கு மாட்டுகிற பெண்களில் ஒருத்தி வரவில்லை. அத்தர் பாட்டில் மூடிகள் மூட்டையாகக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் கொக்கிகளில் இறுக்கி மாட்ட வேண்டும். பிடிப்பு லூசாக இருந்தால் அந்த மூடிக்கு மின்சாரம் போகாது, தோல் வளராது, சாயம் ஏறாது. நான் கேட்காமலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு ஜோடி கையுறையைத் தூக்கிப் போட்டாள். மத்தியானம் நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே நம்ப முடியவில்லை.

அதிலிருந்து வாரத்தில் சில நாள் போக ஆரம்பித்தேன். அந்தச் சூடு அங்கேயும் வந்து வந்து போயிற்று. தொட்டிகளுக்கு நடுவில் எல்லோருக்கும்தான் வேர்த்தது, அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர், "பாதுகாப்பா இருக்கியா?" என்று கேட்டார். கையுறையைக் காட்டினேன். தலையாட்டினார்.

கூலியை நான் வாங்கிக்கொள்வதில்லை. பென்ஷன் வருகிறது, எதற்கு என்று நினைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு நாள் ஒரு சட்டம் முழுக்க மூடிகள் திட்டுத் திட்டாக, பாதி பொன்னும் பாதி வெள்ளையுமாக வந்தன. நான் மாட்டிய சட்டம். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துப் போட்டாளே ஒரு சத்தம். "கண்ணு எங்க வச்சிருக்க? போன நோண்டிக்கிட்டே மாட்டுனா இப்படித்தான் வரும்." அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"அது நான் மாட்டினது" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சே அவளைத் திட்டறியே? என்னைத் திட்டேன்."

"சம்பளம் வாங்காத ஆள எப்பிடித் திட்ட?" குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க வாரீய, ஒக்காருதீய, பிடிச்சா இருக்கீய, பிடிக்கலன்னா கெளம்பிப் போயிருவீய. நான் ஒரு வார்த்த சொல்லிட்டா நாளைக்கு வருவியளா மாட்டியளா, யாரு கண்டா? எனக்கு வாயில வந்து நிக்குது, முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன். ஒங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அப்பிடியா?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்து, கையுறையைக் கழற்றி, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சந்தைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் வேகமாக நடந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது. இரண்டு வாரம் போகவில்லை. வீட்டில் எல்லா அலமாரியையும் காலி பண்ணித் துடைத்து மறுபடி அடுக்கினேன். ஒரு அலமாரியை அடுத்தடுத்து இரண்டு தடவை அடுக்கினேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை என்பதுதான் என்னைத் தின்றது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை போய் நின்றேன். அவள் சாயத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அவாளுக்குக் கொடுக்கற கூலியையே எனக்கும் கொடு" என்றேன்.

"சனிக்கெழமதான் தருவேன்."

"சரி."

"ஒம்பது மணிக்கு வரணும்."

"சரி."

"இப்ப மணி என்ன?"

பார்த்தேன். பத்தே கால்.

"பொறவு?" என்றாள் என்னைப் பார்த்து. "மொத நாளே இப்படியா யக்கா? எங்க போய்ச் சுத்திட்டு வாரீய? அந்த மூட்டய யாரு பிரிப்பா?"

ஆபீசில் என்னை மேலதிகாரிகள் திட்டியிருக்கிறார்கள். ஒருமுறை கூட எனக்கு அது இனித்ததில்லை. அன்றைக்கு நான் மூட்டையைப் பிரிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

மே மாதம் வந்தது. அமிலத் தொட்டி எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மின்சாரம் பாயப் பாய அது சூடாகிக்கொண்டே வரும். சூடு அதிகமானால் வளர்கிற தோல் கெட்டியாக வராது, சுண்ணாம்பு மாதிரி தொட்டாலே கையோடு வரும். அதற்காக ஒரு சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது ஒரு தடவை குலுங்கிவிட்டு நின்றது. மெக்கானிக் தாணேயில் இருந்தான், நாளைக்குத்தான் வர முடியும் என்றான். சேட் சாயங்காலம் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்த சரக்கு பாதிதான் முடிந்திருந்தது. துபாய்க்குப் போகிற அத்தர் மூடிகள், ரோஜாப் பொன் நிறம். அவள் கணவர் டெம்போவோடு உல்லாஸ்நகர் போயிருந்தார்.

"ஐஸ் வேணும்" என்றாள். பக்கத்து ஐஸ் டிப்போவுக்கு ஆள் அனுப்பினாள். கல்யாண சீசன், எல்லாம் போய்விட்டது. இன்னொரு இடத்துக்குப் போன் அடித்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தாள். "மாகிம்ல மீன் மார்க்கெட்டுக்குக் குடுக்கவன்கிட்ட இருக்கும். ஆனா அவன் கொண்டாந்து தர மாட்டான். எந்த டாக்சிக்காரன் ஏத்துவான்?"

நான் கணவருக்குப் போன் செய்தேன்.

"காரை எடுத்துண்டு மாகிமுக்கு வரேளா?"

"மாகிம்ல எங்கே?"

"மீன் மார்க்கெட்."

எங்கள் வீட்டில் முட்டை கூட வாங்கியதில்லை.

"மீன் மார்க்கெட்டா?"

"ஐஸ் வேணும். பெரிய கட்டியா, நிறைய. கோணி கொண்டாங்கோ. வேண்டாத பெட்ஷீட் எல்லாம் எடுத்துண்டு வாங்கோ."

வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு. ஐஸ்காரன் கொக்கியால் கட்டிகளை இழுத்துப் பின் சீட்டிலும் டிக்கியிலும் ஏற்றினான். கட்டிகளில் மரத்தூளும் மீன் செதிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கணவர் மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். வழியெல்லாம் கார் சொட்டிக்கொண்டே வந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நான் பின்னால் திரும்பிக் கட்டி எவ்வளவு கரைந்தது என்று பார்த்தேன். "சும்மாத் திரும்பாதே, பெல்ட் போட்டுக்கோ" என்றார். சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விடலாம் போலிருந்தது.

சந்துக்குள் கார் வராது. தள்ளுவண்டியில் மாற்றினோம். ஐஸை நேராக அமிலத்தில் போட முடியாது, அமிலம் நீர்த்துப் போய்விடும். சுத்தியால் உடைத்து, மூடி உள்ள பிளாஸ்டிக் கேன்களில் அடைத்துத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் உடைத்தோம். கேன்கள் மிதந்தன.

"சார், சும்மா நிக்காதிய! அந்தக் கம்ப எடுத்து அமுக்குங்க" என்று அவள் கத்தினாள்.

என் கணவர் ஒரு கணம் தன்னைத்தான் சொல்கிறாளா என்று பார்த்தார். பிறகு கம்பை எடுத்து அமுக்கினார். யாரோ அவருக்குக் கையுறை மாட்டிவிட்டார்கள். மற்றொரு கையில் வெப்பமானியைக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார். "இருபத்தாறு. இருபத்தாறுதான். இருபத்தஞ்சரை." பட்ஜெட் கூட்டத்தில் படிப்பது போல அதே குரல். அறையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம், அவர் மட்டும் நின்ற இடத்தில் நின்று எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு" என்றதும் அவள் அடுத்த சட்டத்தை இறக்கினாள்.

சில்லர் நின்றபோது உள்ளே இருந்த சரக்கு கெட்டுவிட்டது. வெளியே எடுத்துத் துடைத்தால் துணியில் வெள்ளைப் பொடி. மிச்சமெல்லாம் நன்றாகவே வந்தன. கொதிநீரிலிருந்து வடித்துத் தட்டில் கொட்டியபோது, ரோஜாவும் பொன்னும் கலந்த அந்த நிறத்தில் அறைக்கே ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. சேட்டின் ஆள் வந்தான், குறைகிறதே என்று முனகினான், அவள் பதிலுக்கு இரண்டு மடங்கு முனகினாள், எடுத்துக்கொண்டு போனான். கெட்டதைக் காஸ்டிக் சோடாவில் போட்டுத் தோலை உரித்து மறுபடி செய்து பார்த்தோம். உரித்ததில் உலோகம் மெலிந்துபோய் மூடிகள் பாட்டிலில் நிற்காமல் ஆடின. பழைய சாமான்காரனுக்குத்தான் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் உட்கார முடியவில்லை. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டோம். அவர் சட்டை இஸ்திரி போட்டதா என்று யாரும் சொல்ல முடியாது. செம்பூர் நாக்கா சிக்னலில் வண்டியை நிறுத்தினார்.

"மெக்கானிக் நாளைக்கு எத்தனை மணிக்கு வரானாம்?" என்றார்.

"ஏன்?"

"லேட்டா வந்தான்னா காலம்பற ஐஸ் வேணுமே. இன்னிக்கே சொல்லி வச்சிருக்கலாம்."

மழைக்காலம் முடிந்ததும் பட்டறை இருந்த சந்தில் அரசாங்கத்திலிருந்து அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். அமிலத் தொழில் எதுவும் இனி அங்கே கூடாது என்று பேச்சு வந்தது. இடத்துக்காரர் காலி பண்ணச் சொன்னார். அவள் தொட்டிகளை விற்றுவிடுவாள், போர்டில் தையல் மெஷின் படம் போட்டுக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அந்த வாரங்களில் எனக்கு வீட்டில் தட்டை எடுத்தால் தட்டு கீழே விழுந்தது, கரண்டியை எடுத்தால் கரண்டி விழுந்தது. ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள்.

"உல்லாஸ்நகர்ல ஷெட்டு பாத்தாச்சு. இதவிடப் பெருசு. ரெண்டு ஆசிட் தொட்டி போடலாம்."

"தையல் கடை?"

"போய்ப் பாத்தேன் யக்கா. எங்க மதினி கடையில ரெண்டு நாளு இருந்து பாத்தேன். காலயில ஒக்காந்தா சாயங்காலந்தான் எந்திரிக்கா. எனக்கு இருப்புக் கொள்ளல." டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். "நீங்க வருவியளா? தூரந்தான்."

தூரம்தான். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் குர்லா, அங்கே பிளாட்பாரம் மாறி, கல்யாணையும் தாண்டிப் போகிற வண்டி. கணவர் போக வர ஆகும் நேரத்தைக் கூட்டிச் சொன்னார். "இதைவிட ஃபோர்ட்டே கிட்டே" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சீசன் டிக்கெட் எடுத்தேன். வண்டியில் உட்கார இடம் கிடைத்தும் பாதி வழி கதவோரம் நின்றுதான் போனேன்.

முதல் நாள் ஷெட்டில் தொட்டிகளை இறக்கி வைத்திருந்தார்கள். காலித் தொட்டிகள். மின்சார இணைப்பு வரவில்லை. இணைப்புக் கொடுக்கிறவன் இதோ வருகிறேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அமிலம் வெளியே கேன்களில் வெயிலில் நின்றது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். ஒருத்தரும் உட்காரவில்லை. அவள் தரையைக் கழுவ ஆரம்பித்தாள். நான் சாயத் தொட்டியின் அடியில் முட்டுக்கல் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"இது ஏன் வாசப்பக்கம் வச்சிருக்கே? வெயில் நேரா விழறது. கலர் பார்க்கும்போது ஏமாத்தும்."

"வெளிச்சம் இருந்தாத்தான யக்கா கலரு தெரியும்?"

"வெளிச்சம் வேற, வெயில் வேற. அந்த மூலைக்குத் தள்ளு."

"அந்த மூலையில கொதிதண்ணி வரணும். சட்டத்தத் தூக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் நான் ஓடவா?"

"நான் ஓடறேன்."

"ஓடுவிய. தரையெல்லாம் சொட்டுவிய. பொறவு யாரு வழுக்கி விழ?"

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. தோளில் வயர் சுருளோடு மின்சார ஆள் உள்ளே வந்து, மீட்டர் எங்கே என்று ஹிந்தியில் கேட்டான். நாங்கள் தொட்டியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்தோம்.